காடு என்னும் சொல்லும் ஐந்திணை என்னும் வரைபடமும்: சுங்கை ஊடாங்கிலிருந்து ஒரு மறுவாசிப்பு

இயற்கைப் பாதுகாப்பு குறித்துத் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வாயிலின் வழியே உள்ளே நுழைகின்றன. தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தை ஐந்தாக வகுத்தனர். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய மரம், பூ, விலங்கு, பறவை ஆகியவற்றைப் பட்டியலிட்டனர். ஆகவே உலகின் முதல் சூழலியல் வரைபடம் தொல்காப்பியமே என்பது அவ்வாயிலின் மேல் எழுதப்பட்டுள்ள வாசகம். எம் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இவ்வாசகத்தைப் பலமுறை கண்டுள்ளோம். யாமே எழுதியும் உள்ளோம். அது முற்றிலும் பிழையன்று. எனினும் மலேசிய மண்ணில் நின்று அதைச் சொல்லும்போது எதைக் காண்கிறோம், எதைக் காணத் தவறுகிறோம் என்பதை ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எம் கருத்து.

மலாக்கா மாநிலத்தின் சுங்கை ஊடாங் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து தொடங்கும் நெடுஞ்சாலை ஒன்றின் பெயர் சுங்கை ஊடாங் – பாயா ரும்புட் – ஆயர் குரோ நெடுஞ்சாலை. மலாய் அறிந்தோர்க்கு இது வெறும் சாலைப்பெயர் அன்று. சுங்கை ஊடாங் என்றால் இறால் ஆறு. பாயா ரும்புட் என்றால் புல் மண்டிய சதுப்பு. ஆயர் குரோ என்றால் கலங்கல் நீர். மூன்று வகை நீர்நிலங்களின் பெயர்கள் வரிசையாக ஒரு தார்ச்சாலையின் மேல் ஏறி அமர்ந்திருக்கின்றன. அலோர் காஜா என்பது யானை இறங்கிய ஓடை. புக்கிட் பெருவாங் கரடிக்குன்று. டுரியான் துங்கல் ஒற்றை டுரியான் மரம். சுங்கை ரம்பாய், புக்கிட் ரம்பாய் இரண்டும் ஒரு பழமரத்தின் பெயரால் அமைந்தவை. மாநிலத்தின் பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். மலாய் வரலாற்று ஏடான 'செஜாரா மெலாயு'வில் வரும் கதைப்படி, வேட்டைக்கு வந்த அரசன் ஒரு மரத்தடியில் நின்றபோது சிறுமான் ஒன்று அவனுடைய நாயை எதிர்த்து உதைத்தது. அம்மரத்தின் பெயரே ஊருக்கு ஆயிற்று. அச்சிறுமான் தமிழில் சருகுமான். அந்த மலாக்கா மரம் நம் நெல்லிமரம். ஔவைக்கு அதியமான் ஈந்த கனியைப் பாடம் நடத்தும் நம் வகுப்பறைகளுள் எத்தனை, மலாக்கா மாணவன் வாழும் மாநிலத்திற்கே அக்கனிமரத்தின் பெயர்தான் என்று சொல்கின்றன?

ஊர்ப்பெயர்கள் இங்ஙனம் ஒரு பழைய வாழிட வரைபடமாகவே விளங்குகின்றன. அவ்வரைபடத்தை வரைந்தவர்கள் அளவைக் கருவி ஏந்தியவர்கள் அல்லர், அங்கே வாழ்ந்தவர்கள். இன்று அலோர் காஜா நகரில் யானைத்தடம் தேடுவார் இல்லை. பெயர் நின்றது, பெயர்க்குரியது அகன்றது. நிலத்தை அறிதல் என்பது முதற்கண் பெயரிடுதல் என்ற உண்மையை இது உணர்த்துகிறது. திணைக் கோட்பாட்டின் வலிமையும் அங்கேதான் உள்ளது என்று கருதுகிறோம். அதை ஐந்து பெட்டிகளாக ஆக்கிவிட்டதே நம் திறனாய்வின் குறை.

திணை: வரைபடமா, பெயரிடும் முறையா?

இப்பொருளில் நம் துறைக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. சங்கப் பாடல்களின் இயற்கை நோக்கை ஆங்கில உலகிற்கு முறையாக எடுத்துரைத்த முன்னோடி நூல், தனிநாயகம் அடிகள் 1952இல் வெளியிட்ட ஆய்வு. அதன் மறுபதிப்பு 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்று பொருள்படும் புதிய தலைப்புடன் 1966இல் வந்தபோது அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தார். அவ்வாண்டு ஏப்ரலில்தான் முதலாம் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரில் கூடிற்று. அடிகளாரின் நோக்கம் சங்கக் கவிதையைக் கிரேக்க, உரோமானிய, வடமொழிக் கவிதைகளோடு ஒப்பிட்டு அதன் தனித்தன்மையை நிலைநாட்டுவது. அந்நோக்கம் நிறைவேறியது. ஆனால் அவருக்குப் பின் வந்த நாம், இலக்கியத்தில் நிலம் எவ்வாறு பொருள் தருகிறது என்ற அவருடைய வினாவை, நிலத்தில் என்ன இருந்தது என்ற வேறொரு வினாவாக மாற்றிக்கொண்டோம். இரண்டாம் வினாவிற்கு உரிய பயிற்சியுடன் விடை தேடியவர்கள் சிலரே. சங்க இலக்கியச் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் அறிவியல் பெயரோடு இனங்காண முயன்ற பி.எல். சாமி அவருள் தலையாயவர். அவர் நூல்களைப் படிப்போர் ஒன்றை உணர்வர்: ஒரு பூவை இனங்காண அவர் எத்தனை ஐயங்களை எழுப்புகிறார்! நம் கட்டுரைகளில் அந்த ஐயங்கள் மறைந்து உறுதிகள் மட்டும் எஞ்சின.

தொல்காப்பியம் நிலத்தை நான்காகவே வகுத்தது. பாலைக்கு அது நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். (இதைச் சூழல் சீர்கேட்டின் முதல் இலக்கணம் என்று கொண்டாடும் கட்டுரைகளும் உள்ளன. கோடையின் வறட்சியைப் பேசும் இடத்தில் காடழிப்பைப் படிப்பது சற்று மிகை.) முதற்பொருள் நிலமும் பொழுதும், கருப்பொருள் அந்நிலத்தில் வாழ்பவை, உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். இம்மூன்றனுள் பாடலில் சிறப்புடையது உரிப்பொருளே. நிலமும் உயிரினங்களும் அங்கே தலைவியின் மனத்தைச் சொல்ல வந்தவை. எனவே அவற்றைக் களப்பணிக் குறிப்புகளாகக் கொள்ளுமிடத்து எச்சரிக்கை வேண்டும்.

ஒரு சான்று போதும். அகநானூற்றின் 160ஆம் பாடல் நெய்தற்கரையில் ஆமை முட்டையிடும் காட்சியைத் தருகிறது. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் சூல் நிறைந்த ஆமை முட்டைகளை இட்டு மறைத்துப் புதைக்கிறது. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. இதில் முதற்பகுதி முழுவதும் கண்டு எழுதியது. அடும்பு படரும் உயர்மணலே கடலாமை முட்டையிடும் இடம் என்பதை இன்றைய உயிரியலார் எவரும் ஒப்புவர். ஆனால் ஆண் கடலாமை முட்டையைக் காப்பதில்லை; அது கரையேறுவதே அரிது. பெண் ஆமையும் முட்டையைப் புதைத்தவுடன் கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் காவல் காத்தது கரையில் அன்று. தலைவனின் வரவை எண்ணி நிற்கும் கவிதையில். புலவரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அவர் தம் பணியைச் செய்தார். அக்காட்சியை அப்படியே எடுத்துச் 'சங்க காலக் கடலாமைப் பாதுகாப்பு' என்று தலைப்பிடுவோமாயின் நாம் நம் பணியைச் செய்யவில்லை.

எத்திணை?

பயிற்சி ஆசிரியர் வகுப்பொன்றில் யாம் ஒருமுறை தேர்வு வினா ஒன்று அமைத்தோம். சுங்கை ஊடாங்கில் இன்று எஞ்சி நிற்கும் பொழுதுபோக்கு வனம் எத்திணையின்பாற்படும் என்பது வினா. பெரும்பாலோர் குறிஞ்சி என்றெழுதினர். காடு என்பதால் முல்லை என்றோரும் உண்டு. ஒருவர் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தார். அதைப் பின்னர்க் கூறுவோம்.

குறிஞ்சி என்ற விடை பொருந்தாது. அவ்வனம் கடலிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ள தாழ்நிலக் காடு. முல்லையும் அன்று, முல்லை ஆநிரை மேயும் திறந்த காட்டுநிலம், கார் காலத்தை நோக்கிக் காத்திருக்கும் நிலம். சுங்கை ஊடாங் வனமோ மெராந்தி, கெருயிங் போன்ற மரங்களின் குடும்பத்தால் பெயர்பெற்ற தாழ்நில மழைக்காட்டு வகையைச் சார்ந்தது. தமிழகத்தின் குங்கிலிய மரமும் அக்குடும்பத்தினதே. ஆதலின் இதைக் குங்கிலியக் காடு என்று நாம் அழைக்கலாம். சொல் ஏற்கெனவே நம் கையில் உள்ளது.

நிலம் பொருந்தாமை ஒருபுறம் இருக்க, பொழுது பொருந்தாமையே ஆழமானது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதும் நிலநடுக்கோட்டிற்கு 2 பாகை வடக்கேயுள்ள மண்ணில் இல்லை. பனி இங்கே விடியற்காலை மூடுபனி மட்டுமே. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் காட்டில் காத்திருத்தலுக்கு உரிய பருவம் எது? மழைக்காட்டிற்கு என ஒரு பெரும்பொழுது உண்டு. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் அடங்காதது. இரண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை எவ்வொழுங்குமின்றி இடைவெளி விட்டு, குங்கிலியக் குடும்பத்து மரங்கள் பலவும் பிற மரங்களும் ஒரே காலத்தில் பூத்துக் குலுங்குகின்றன. பசிபிக் பெருங்கடலின் எல் நினோ மாற்றங்களோடு இது தொடர்புடையது என்பர். பின்னர்ச் சிறகு முளைத்த கனிகள் சுழன்று சுழன்று வீழ்கின்றன. அத்தனை விதைகளையும் பன்றியும் எலியும் தின்று தீர்க்க இயலாததால் சில முளைக்கின்றன. அடுத்த தலைமுறைக் காடு அந்தச் சில வாரங்களில் தீர்மானிக்கப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடியின் பெயரால் ஒரு திணைக்குப் பெயரிட்ட மரபு நம்முடையது. அத்தகைய மரபில் வந்தோர் இங்கே நூறாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தும், இக்காடு பூக்கும் பருவத்திற்குத் தமிழில் ஒரு பெயர் இல்லை. இதுவே நம் திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா. ஐந்தனுள் எதில் அடைப்பது என்ற வினா அன்று.

'காடு' செய்யும் மறைப்பு

பெயரில்லாமைக்குக் காரணம் நம் அறியாமை மட்டுமன்று. 'காடு' என்ற சொல்லின் பொருட்பரப்பும் ஒரு காரணம். தமிழகத்தின் கொங்குப் பகுதியில் மானாவாரி விளைநிலமும் காடு. மலேசியத் தோட்டங்களில் இரப்பர் நின்ற இடமும் காடு. 'கித்தாக் காடு' என்பது தோட்ட வழக்கு. கித்தா என்பது மலாய் கெத்தாவின் திரிபு. பின்னர் அதே இடத்தில் செம்பனை வந்தபோது அது 'செம்பனைக் காடு' ஆயிற்று. அகிலனின் நாவல் 'பால் மரக் காட்டினிலே' என்றே தலைப்பேற்றது. வரிசை பிடித்து நடப்பட்ட, நிரை எண்ணிப் பால்வெட்டுக்குப் பங்கிடப்பட்ட ஒரு தொழிற்களத்தைக் காடு என்றழைப்பது கவிதைக்கு அழகு. பாதுகாப்பிற்கு அது இடர். ஒரே சொல் இரண்டையும் குறிக்கும்போது ஒன்று அழிந்து மற்றொன்று வந்ததை மொழி பதிவு செய்வதில்லை.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனத்தின் வரையறையில் இரப்பர்த் தோட்டம் காட்டுக் கணக்கில் சேர்கிறது. செம்பனைத் தோட்டம் சேர்வதில்லை. தோட்டத்துப் பாட்டியும் உலக நிறுவனமும் ஒரு சொல்லாட்சியில் ஒன்றுபடுவது வியப்பே. ஆனால் பாட்டி தம் வழக்கைக் கொண்டு எந்தப் புள்ளிவிவரத்தையும் உயர்த்திக் காட்டவில்லை.

மலாக்காவுக்கு இதில் வரலாற்று இடம் உண்டு. மலாயாவில் வணிக முறையில் இரப்பர் முதன்முதலாக நடப்பட்டது இம்மாநிலத்தில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் அதைத் தொடங்கி, பின்னர்ப் புக்கிட் அசகானில் விரிவாக்கினார். அமேசான் காட்டின் மரம் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டம் வழியாக வந்து, தமிழர் கைகளால் பேணப்பட்டு, மலாக்காவின் தாழ்நிலக் காடுகளை இடம் பெயர்த்தது. காட்டை வெட்டி எரித்துக் கன்று நட்டவர் வரலாற்றை நாம் உழைப்பின் வரலாறாக எழுதியுள்ளோம். அது சரியே. அதே வரலாறு ஒரு வாழிடத்தின் மறைவு வரலாறுமாகும் என்பதை எழுதத் தயங்கினோம். காடழித்தவன் ஆணையிட்டவன், கோடரி பிடித்தவன் அல்லன் என்ற வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் இத்தயக்கத்திற்கு இடமில்லை.

நம் நாவல்களில் உண்மையான மழைக்காடு வரும் இடங்களைக் கவனித்தால் அது பெரும்பாலும் அச்சத்தின் களமாகவே வருகிறது. சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவற்றில் காடு என்பது 1942-43 ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்காகத் தமிழர் மடிந்த இடம். அதன்பின் 1948 முதல் 1960 வரை நெருக்கடிகாலம். காட்டோரம் தடைசெய்யப்பட்ட பகுதியாயிற்று. முள்வேலிக்குள் இருந்த லயத்திலிருந்து பால்வெட்டச் செல்வோர் சோற்றுப் பொட்டலம் கொண்டு செல்லவும் தடை இருந்தது. காட்டுக்குள் சோறு போய்விடும் என்ற ஐயம். இத்தகைய பட்டறிவுடைய சமூகம் காட்டை விரும்பி வருணிக்கும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே மலேசியத் தமிழ் எழுத்தில் இயற்கை உணர்வு குறைவு என்று எளிதாகத் தீர்ப்புக் கூறும் திறனாய்வோடு எமக்கு உடன்பாடில்லை. இங்கே இயற்கை உணர்வு குறையவில்லை. அது அச்சமாக வெளிப்பட்டது. அச்சமும் ஒரு கூர்ந்த நோக்கே. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா வந்த சீனர் மா ஹுவான், இங்குள்ள புலி ஒன்று மனித வடிவெடுத்து ஊருக்குள் வரும் என்று எழுதி வைத்தார். அச்செய்தியில் புலியைப் பற்றிய உண்மை குறைவு. காட்டிற்கும் ஊருக்கும் இடையே அன்று இருந்த தூரம் பற்றிய உண்மை மிகுதி.

நெய்தல் மட்டும் ஏன் பொருந்துகிறது?

ஐந்திணை இங்கே முற்றிலும் தோற்கிறது என்றும் சொல்வதற்கில்லை. கடற்கரைக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. சுங்கை ஊடாங், தங்கா பத்து தொடங்கி வடக்கே மஸ்ஜித் தானா வட்டாரம், லிங்கி ஆற்று முகத்துவாரம் வரையிலான கரையில் நெய்தற் கருப்பொருள்களைத் தேடுவோர் ஏமாறமாட்டார். அடும்பு மணலில் படர்கிறது. மலாயில் அதற்குக் குதிரைக் குளம்படி என்று பெயர், இலையின் வடிவைக் கண்டு இட்டது. புன்னை இங்கே பெனாகா லாவுட். தாழையின் இனங்கள் பாய் முடையும் மெங்குவாங்காக உள்ளன. கண்டல் பாக்காவ் ஆகிறது. தில்லைமரம் மலாக்கா நீரிணைக் கரைகளின் அலையாத்திக் காட்டில் பூத்தா-பூத்தா என்ற பெயரில் நிற்கிறது. குருடு என்பது அப்பெயரின் பொருள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் தந்த அதே மரம். வங்கக் கடலின் மேற்குக் கரையும் மலாக்கா நீரிணையும் ஒரே கடலோர உயிர்க்குழுவின் இரு முனைகள் என்பதால் இப்பொருத்தம் நேர்கிறது. கடல் விதைகளைச் சுமந்து வந்தது. மலைகள் அவ்வாறு சுமப்பதில்லை. திணையின் பொருத்தம் பண்பாட்டுப் பெருமையைப் பொறுத்ததன்று, உயிரினப் பரவலைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கரையில் இன்று மிகுந்த கவலைக்குரிய உயிர் அழுங்காமை. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் மிகுதியாக முட்டையிடும் கரை மலாக்காவின் கரையே. பாடாங் கெமுந்திங்கில் பொரிப்பகமும் தகவல் மையமும் இயங்குகின்றன. முட்டையிடும் கரைகளின் பட்டியலில் சுங்கை ஊடாங்கின் திரெண்டாக் இராணுவ முகாமின் கரையும் இடம்பெறுகிறது. 1950களின் பிற்பகுதியில் காமன்வெல்த் படைப்பிரிவுக்காக எழுந்த முகாம் அது. பொதுமக்கள் நுழைய இயலாத கரையில் விளக்கும் விடுதியும் குறைவு. ஆமைக்கு வேண்டியதும் அதுவே. பாதுகாக்கும் எண்ணமின்றியே ஒரு வாழிடம் பாதுகாக்கப்படுவதும் உண்டு. மாறாக, ஒருகாலத்தில் அழுங்காமைகளுக்குப் பெயர்பெற்ற உப்பே தீவில், நகரையொட்டிய கடல் தூர்ப்புப் பணிகளுக்குப் பின் முட்டையிடல் பெரிதும் குன்றியது. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட மலாக்கா ஆமைகள் தெற்கே சிங்கப்பூர், ரியாவ் தீவுகளின் நீர்ப்பரப்பு நோக்கிச் சென்றதை ஆய்வாளர்கள் கண்டனர். முட்டையிடும் கரை ஒரு நாட்டில், மேயும் பவளத்திட்டு வேறொரு நாட்டில். இத்தகைய உயிருக்கு வாழிட வரைபடம் வரைவோர் நிலத்தை வண்ணம் தீட்டிப் பிரித்தால் மட்டும் போதாது. வழிகளையும் வரைய வேண்டும்.

இவ்விடத்தில் தொல்காப்பியர் நமக்கு எதிர்பாராத துணையாகிறார். திணைகள் மயங்கலாம், நிலம் மயங்காது என்று கூறிய அவரே, ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராவிடினும் வந்த நிலத்தின் பயனைத் தரும் என்று விதி வகுத்தார். உரையாசிரியர்கள் இதைப் பாடலின் கருப்பொருள் மயக்கத்திற்குச் சமாதானமாகவே கொண்டனர். அதனினும் மிகுதியாக இவ்விதியில் ஒரு கண்டறிதல் உள்ளது என்று கருத இடமுண்டு: புள் அசையும், நிலம் அசையாது. ஐந்திணை வாய்பாட்டை விரும்பும் நம் கட்டுரைகள் இந்நூற்பாவை மிக அரிதாகவே தொடுகின்றன.

அவ்விதியை மலாக்காவின் தஞ்சோங் துவானில் நின்று படிக்க வேண்டும். நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் கரையால் சூழப்பட்டு, ஆயினும் மலாக்காவிற்கு உரிய அம்முனையில் கலங்கரை விளக்கமும் சிறு காடும் உள்ளன. நீரிணை அங்கே ஏறத்தாழ 38 கிலோமீட்டர் அளவிற்குக் குறுகுகிறது. பிப்ரவரி இறுதி முதல் மார்ச் வரை, சுமத்திராப் பக்கத்து ரூப்பாட் தீவிலிருந்து தேன்பருந்துகள் கடல் கடந்து அம்முனையை அடைகின்றன. கடலின் மேல் வெப்பக்காற்று எழாது. சிறகை அடித்தே கடக்க வேண்டும். களைத்துத் தாழப் பறந்து வருபவை கரையின் மேல் எழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து வடக்கே செல்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் அங்கே பருந்து காணும் விழாவை நடத்தி வந்துள்ளது. சைபீரியாவிலும் சப்பானிலும் கூடு கட்டும் பறவைக்கு மலாக்காவின் சிறு காடு இளைப்பாறும் திண்ணை. தொல்காப்பியரின் விதி கவிதைக்குப் போதுமானது. வந்த நிலத்தின் பயனைப் புள் தந்துவிடும். பாதுகாப்பிற்கு அது போதாது. வந்த நிலம் காக்கப்பட்டு, புறப்பட்ட நிலம் அழியுமாயின் அடுத்த ஆண்டு புள் வராது. இலக்கண விதியின் எல்லை எங்கே முடிகிறது, உயிரியலின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை இங்ஙனம் பிரித்துக் காட்டுவதே திறனாய்வாளர் ஆற்றக்கூடிய தொண்டு.

இரண்டு வரைபடங்களின் வெற்றிடம்

தீபகற்பத்தின் துண்டுபட்ட காடுகளை வனவிலங்குத் தடங்களால் மீண்டும் இணைக்கும் நோக்குடன் மலேசியா வகுத்த பெருந்திட்டம் 'காட்டு முதுகெலும்பு' எனப்படும். 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்று, பின்னர் இணைப்புத் தடங்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்ட விரிவான வரைபடமாக அது வளர்ந்தது. எட்டு மாநிலங்கள் அதில் உள்ளன. மலாக்கா இல்லை. முதுகெலும்போடு இணைக்கத்தக்க பெருங்காடு இங்கே எஞ்சவில்லை என்பதே காரணம். திட்டம் வகுத்தோரைக் குறை சொல்ல இயலாது. யானைக்கும் புலிக்கும் வழி தேடும் வரைபடத்தில் சுங்கை ஊடாங் வனம் ஒரு புள்ளிக்கும் குறைவு. ஆனால் பருந்துக்கும் ஆமைக்கும் சருகுமானுக்கும் அந்தப் புள்ளி போதும். சுத்திகரிப்பு ஆலைக்கும் முகாமிற்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நிற்கும் சிறு காடுகளின் கணக்கை யாராவது எழுதியாக வேண்டும்.

பாதுகாப்பு வரைபடங்களில் தோட்டம் என்பது காடுகளுக்கு இடையேயுள்ள ஒரே நிற வெற்றிடம். தமிழ் இலக்கிய வரைபடத்தில் காடு என்பது தோட்டங்களுக்கு அப்பாலுள்ள ஒரே இருள். இவ்விரு வெற்றிடங்களும் தொடும் விளிம்பில்தான் மலாக்காத் தமிழர் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்தனர். காட்டுப்பன்றி எந்த அல்லூர் வழியாக வரும், எந்தப் பள்ளத்தில் நீர் வற்றாது, உடும்பு எங்கே கிடக்கும், எந்த மேட்டில் லாலான் புல் மண்டினால் மண் செத்துவிட்டது என்று பொருள் என்பவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். தோட்டங்களுக்குக் கம்பெனி இட்ட பெயர் ஒன்று, தொழிலாளர் இட்ட பெயர் வேறொன்று. ஆற்றின் பெயராலும் மரத்தின் பெயராலும் துரையின் பெயராலும் அமைந்த அப்பெயர்கள் துண்டாடலிலும் வீடமைப்புத் திட்டங்களிலும் கரைந்து வருகின்றன. சுங்கை ஊடாங்கின் இறாலைப் போலவே அவையும் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சும் என்றால் அதுவே பெரும்பேறு. பலவற்றிற்குப் பலகையும் இல்லை.

இங்கே தமிழாசிரியர் பங்கைப் பற்றிச் சற்று உரைக்க வேண்டியுள்ளது. அல்லூர், பாயா, கித்தா, லாலான் ஆகியவற்றை நாம் பிறமொழிச் சொற்கள் என்று கண்டதும் திருத்துகிறோம். தமிழ்த்தூய்மை பேணுதலில் எமக்கும் ஈடுபாடு உண்டு. சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் காட்டுயிர் பற்றி எழுதும்போது இருவாட்சி, வலசை முதலிய சொற்களைப் புழக்கத்தில் நிலைநிறுத்தியதைப் பாராட்டியே வந்துள்ளோம். ஆயினும் அவர்கள் தமிழகத்தில் வாழும் உயிருக்குத் தமிழகத்தில் வழங்கிய சொல்லைத் தேடி எடுத்தார்கள். தமிழகத்தில் இல்லாத நிலத்திற்கும் உயிருக்கும் சொல் எங்கிருந்து வரும்? தெனுக் என்னும் கறுப்பு-வெள்ளை விலங்கு இந்தியாவில் இல்லை. அதற்குச் சங்கப் பெயர் தேடுவது வீண்முயற்சி. இந்த மண்ணில் தமிழர் வாயில் அது எவ்வாறு வழங்கியதோ அதுவே அதன் தமிழ்ப்பெயர். வந்த நிலத்தின் பயனைத் தருவது புள்ளுக்கு மட்டுமா, சொல்லுக்கும் அன்றோ?

முன்னர்க் குறிப்பிட்ட தேர்வுத்தாளுக்கு வருவோம். குறிஞ்சி என்றும் முல்லை என்றும் எழுதாத அம்மாணவி, அவ்வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் எழுதியது இதுதான்: வனம் ஐந்திணையுள் எதிலும் அடங்காது; அதன் மேட்டுப்பகுதியைத் தோட்டத்தில் பெரிய காடு என்பர், கீழே நீர் நிற்கும் பகுதியைப் பாயாக் காடு என்பர், இரண்டிலும் மரமும் பறவையும் வேறு. முதல் கூற்றிற்கு யாம் மதிப்பெண் குறைத்தோம். 'பாயாக் காடு' என்பதைச் சிவப்பு மையால் அடித்து மேலே 'சதுப்புநிலக் காடு' என்று திருத்தினோம். சதுப்புநிலக் காடு என்றால் நம் பாடநூல்களில் கடலோர அலையாத்திக் காட்டையே குறிக்கும். தோட்டத்துப் பாயாவோ உள்நிலத்து நன்னீர்ப் பள்ளம். உவர்நீர் அங்கே எட்டுவதில்லை, கண்டல் அங்கே முளைப்பதில்லை. மாணவி இரு வாழிடங்களைப் பிரித்து எழுதியிருந்தார். எம் திருத்தம் அவற்றை ஒன்றாக்கிற்று.